மூன்றாவது குழாய்

அறிவிப்பு வந்தது வியாழக்கிழமை.
அரைப் பக்கம். அதில் பாதி முத்திரை.
ஈயம் கலந்த பெட்ரோல் இனி இல்லை என்பதைச் சொல்ல
நான்கு சட்டங்களின் எண்களைத்
துணைக்குக் கூட்டி வந்திருந்தது,
கடன் கேட்க வருகிறவன்
உறவுக்காரர்களோடு வந்து நிற்பதுபோல.

கெல்மாவிலிருந்து அன்னாபா போகும் சாலையில்
எங்கள் பங்க்.
மூன்று குழாய்கள். மூன்றாவது என்னுடையது.
முப்பத்தோரு வருடம் அதன் கழுத்தைப் பிடித்திருக்கிறேன்.
என் மனைவி ஸுலிகாவின் கையை
அத்தனை நேரம் பிடித்ததில்லை.
அவளே சொல்வாள்.

மெக்கானிக் பூஜெமாவுக்கு வருத்தம்.
ஈயம் இல்லாவிட்டால் இஞ்சின் தட்டும் என்றான்,
பழைய பெஜோக்களுக்கு அது தாய்ப்பால் என்றான்.
அவன் பொய் சொல்லவில்லை.
இஞ்சின் தட்டாமல் ஓட
எங்கோ ஒரு பிள்ளை
ஏழாம் வாய்ப்பாட்டில்
தட்டித் தடுமாற வேண்டும் என்பதை
யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.
எனக்கும்தான்.

எங்கோ என்ன எங்கோ.
பங்கிலிருந்து இருபது அடியில்
சப்பாத்திக்கள்ளிப் பழம் விற்கிறான் ஹம்லாவி.
பத்து வயதிலிருந்து அதே புளியங்கொட்டை நிற வாளி,
அதே கத்தி, அதே புகை.
முள் குத்தாமல் தோலுரிப்பான், கண்ணை மூடிக்கொண்டு.
சில்லறை மட்டும் எப்போதும் தப்பு.
நாங்கள் சிரிப்போம்.
நூறு தினார் கொடுத்தால் நூற்றிருபது திருப்புவான்,
நான் வாங்கியும் இருக்கிறேன்.

ஈயத்தால்தான் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை.
வேறு எதுவாகவும் இருக்கலாம்.
அவனிடம் இரத்தம் எடுக்க யாரும் வந்ததில்லை.
கேட்காத கேள்விக்கு
அலுவலகங்களில் எப்போதும்
சரியான பதில் இருக்கிறது.

ஈயம் பூசினது மாதிரியும் இருக்கணும்
பூசாதது மாதிரியும் இருக்கணும்.
அப்படித்தான் எட்டு தடவை தேதி சொன்னார்கள்.
ஆலைக்கு இயந்திரம் வரவில்லை.
வந்தது, பொருத்த ஆள் வரவில்லை.
ஆள் வந்தான், பட்ஜெட் வரவில்லை.
பிறகு தேர்தல். பிறகு மறுபடி பட்ஜெட்.
இத்தனைக்கும் நடுவே
மாகாண அதிகாரியின் கார் வந்தால்
நேராக முதல் குழாய்க்குத்தான் போகும்.
ஈயமில்லாதது.
அந்தக் காருக்கு
எங்களுக்கு முன்பே விஷயம் தெரிந்திருந்தது.

கடைசி நாள் கேன்களோடு வரிசை.
ஒருவன் சமையல் எண்ணெய் டப்பாவோடு வந்தான்,
ஊற்ற மாட்டேன் என்றேன், திட்டினான்.
சாயங்காலம் இரண்டு பேர் வந்து
குழாயைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார்கள்,
ரசீது கொடுத்தார்கள்.
ஓட்டையை மூடின தகரத்துக்கு நான்கு திருகு.
மூன்றுதான் இருந்தது.

மறுநாள் ஒன்றும் நடக்கவில்லை.
லாரிகள் போயின. பூஜெமாவின் பெஜோவும் போனது,
லேசாகத் தட்டிக்கொண்டு.
வராமல்போன நோய்க்கு
வாழ்த்துச் சொல்ல ஒரு பூங்கொத்தும் வரவில்லை.
எந்தக் குழந்தை தப்பித்தது என்று
அந்தக் குழந்தைக்கே தெரியாது.

சுகாதார நிலையத்து வஸீலா என் மூட்டைத் தட்டிப் பார்த்தாள்.
ஈயம் எலும்பில் தங்கிவிடுமாம்,
இருபது வருடம், முப்பது வருடம்.
சுண்ணாம்புச் சத்து என்று நினைத்து
எலும்பு ஏமாந்து உள்ளே வைத்துக்கொள்ளுமாம்.
அரைப் பக்க அறிவிப்பு
ஊர் முழுக்கப் போய்விட்டது.
என் முழங்காலுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

இப்போது முதல் குழாயில் நிற்கிறேன்.
நேற்று ஹம்லாவியிடம் ஆறு பழம் கேட்டேன்.
ஏழு கொடுத்தான்.
எண்ணத் தெரியாமலா, பிரியத்தாலா,
அதை நான் அறியும் வழியை
முப்பத்தோரு வருடம்
நானேதான் லிட்டர் லிட்டராக அடைத்திருக்கிறேன்.

ஏழாவதையும் தின்றேன்.
அந்தப் பழத்தில் விதை அதிகம்.
துப்பிக்கொண்டிருக்க முடியாது,
விழுங்கித்தான் ஆகவேண்டும்.